காம்போசிட் அடிவரை இறுக வேண்டுமா? லைட் முனையைக் கவனியுங்கள்

காம்போசிட் என்னும் பல் நிற ரெசின் ஃபில்லிங்கை வைத்து, அதை இறுக்கும் நீல லைட்டை அடித்ததும் ப்ரோப் என்னும் கூர்முனைக் கருவியால் தட்டிப் பார்த்து, இறுகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். அந்தத் தட்டல் மேற்பரப்பைப் பற்றி மட்டும்தான் சொல்லும். மேலே உள்ள கடினத்தன்மையில் 80 சதவீதமாவது அடியிலும் இருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வுக்கூடங்களில் வைத்துக்கொள்ளும் அளவு.

பெரும்பாலும் கோட்டை விடுவது தூரத்தில்தான். கடைவாய்ப் பல்லின் பக்கக் குழியில், லைட் முனை பல்லின் மேட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தாலும் ஈறோரத் தளம் 6, 7 மி.மீ. கீழே கிடக்கும். அங்கே போய்ச் சேரும் ஒளி குறைவு. அதனால் முதல் அடுக்கை மெல்லியதாக வைத்து, நேரத்தைக் கூட்டுங்கள். பல்லைச் சுற்றிக் கட்டிய மேட்ரிக்ஸ் பட்டையைக் கழற்றியபின் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் இன்னொரு முறை அடியுங்கள். முனையைச் சாய்த்துப் பிடித்தால் ஓர் ஓரம் நிழலில் போய்விடும். ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுக்கொண்டு முனையைப் பார்த்தபடியே பிடியுங்கள். பேசிக்கொண்டே அடித்தால் கை நகரத்தான் செய்யும்.

சாதாரண காம்போசிட் என்றால் அடுக்கு 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஏ4 போன்ற அடர்ந்த ஷேடுக்குக் கூடுதல் விநாடிகள் தேவை. யூஜினால் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) கலந்த தற்காலிக சிமென்ட் மிச்சமிருந்தால் ரெசின் சரியாக இறுகாது.

அப்புறம், முனையில் ஒட்டிக் காய்ந்த பழைய ரெசின் துணுக்கு! அது பாதி ஒளியைத் தடுத்தாலும் விளக்கு பளிச்சென்றே தெரியும். சுரண்டி எடுத்துவிட்டு, அவ்வப்போது ஒளியின் வலுவைக் காட்டும் ரேடியோமீட்டரில் அளந்து பாருங்கள். கடைசி அடுக்கின் பிசுபிசுப்புக்குக் காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜன். கிளிசரின் ஜெல் தடவி அதன் மேல் ஒருமுறை லைட் அடித்தால் சரியாகிவிடும்.