கழுத்துத் தமனியில் சுவர்த் தடிமனை அளக்கும் முறை

இதய நோய் அபாயத்தைக் கணிக்கக் கழுத்துத் தமனியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அது தோலுக்கு அருகிலேயே ஓடுவதுதான். அல்ட்ராசவுண்டில் அளக்க வேண்டியது தமனிச் சுவரின் உள்உறையும் நடுஉறையும் சேர்ந்த தடிமன். பெரும்பாலானோருக்கு அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், கை சற்றே சாய்ந்தாலும் விடை மாறிவிடும்.

தேவையானவை: 7 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத லீனியர் ப்ரோப் (தோல்மேல் வைத்து ஓட்டும் அல்ட்ராசவுண்ட் கருவிமுனை), 4 செ.மீ. ஆழம், கூடவே ஈசிஜி இணைப்பு. மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்தை லேசாகப் பின்னுக்கு நீட்டி, தலையை மறுபக்கம் 45 டிகிரி திருப்பச் சொல்லுங்கள்.

முதலில் குறுக்குவெட்டில், காறையெலும்பிலிருந்து தாடை வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான். ஓரமாக ஒதுங்கிய படிவு (சுவரில் கொழுப்பு சேர்ந்த தடிப்பு) நீளவெட்டில் சிக்காமலே போகும்.

அடுத்து நீளவெட்டு. குமிழ்போல விரியும் இடத்துக்குச் சற்று முன்னுள்ள 1 செ.மீ. பகுதியைப் பிடியுங்கள். தமனி திரையில் கிடைமட்டமாக இருக்கட்டும். ப்ரோபுக்குத் தொலைவான தூரச் சுவரில் இரண்டு வெளிர்கோடுகளும் நடுவே ஒரு கரும்பட்டையும் தெளிந்ததும், ஈசிஜியில் ஆர் அலை (இதயம் சுருங்கத் தொடங்குமுன் எழும் கூர்முனை) வரும் கணத்துப் படத்தை நிறுத்துங்கள். இதயம் சுருங்கும்போது தமனி விரிந்து சுவர் மெலியும்; அப்போது அளந்தால் குறைத்துக் காட்டும். முதல் கோட்டின் மேல்விளிம்பிலிருந்து இரண்டாம் கோட்டின் மேல்விளிம்பு வரை அளப்பதே முறை. ஒரே புள்ளியை நம்பாமல், விளிம்பறியும் மென்பொருளால் முழு 1 செ.மீ.க்கும் சராசரி எடுங்கள். அருகுச் சுவரை விட்டுவிடலாம். அங்கே கெய்னை (படத்தின் பிரகாச அளவை) ஏற்ற ஏற்றத் தடிமனும் கூடுவதாகத் தோன்றும். ப்ரோப் சாய்ந்து தமனியைச் சரிவாக வெட்டினாலும் இதே கதைதான்.

எல்லா வயதினருக்கும் 0.9 மி.மீ. என்று ஒரே கோடு கிழிப்பது சரியல்ல. வயது, பாலினம், இனக்குழு ஆகியவற்றுக்குரிய அட்டவணையில் 75ஆம் சதமானமோ (அதே பிரிவினர் நூறு பேரில் 75 பேரைவிட அதிகம்) அதற்கு மேலோ வந்தால்தான் மிகை.

படிவு இருக்கிறதா என்பதற்குத் தடிமனைவிடக் கூடுதல் எடை கொடுங்கள். சுற்றியுள்ள சுவரைவிட 0.5 மி.மீ. அல்லது 50 சதவீதம் உள்நோக்கிப் புடைத்திருந்தாலோ, தடிமன் 1.5 மி.மீ.ஐத் தாண்டினாலோ அது படிவு. வழக்கமான அபாயக் கணக்கில் நடுத்தர நிலையில் நிற்பவருக்குப் படிவு தெரிந்தால், மருந்து தொடங்கும் முடிவையே அது மாற்றக்கூடும். தடிமன் மட்டும் அவ்வளவு சேர்ப்பதில்லை. 2013இல் வந்த அமெரிக்க இதயவியல் வழிகாட்டுதல் அதை வழக்கமான பரிசோதனையாகப் பரிந்துரைக்கவில்லை.

ஆண்டுதோறும் திரும்ப அளந்து மருந்தின் பலனைப் பார்க்க முயல வேண்டாம். ஓராண்டில் ஏற்படும் மாற்றம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான். கருவியால் பிரித்தறிய முடிந்த அளவோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது.