மாட்டிய ஃபில்டரைக் கழற்றுங்கள்: டிஜிட்டல் கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரா வாங்கும்போதே கடைக்காரர் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரு யு.வி. ஃபில்டரையும் எடுத்து மேசையில் வைப்பார். “லென்ஸுக்குப் பாதுகாப்புங்க” என்பார். அன்றைக்கு மாட்டிய கண்ணாடி, கேமராவை இன்னொருவருக்கு விற்கும்வரை லென்ஸை விட்டு இறங்காது. ஃபில்டர் விஷயத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகளைக் கிளறிப் பார்த்தால், பாதிக்கு மேல் இந்த ஒரே பழக்கத்தில்தான் வந்து நிற்கும். மாட்டத் தெரிந்த அளவுக்குக் கழற்றத் தெரிவதில்லை.

பிலிம் காலத்தில் யு.வி. ஃபில்டருக்கு வேலை இருந்தது. பிலிம் சுருள் புற ஊதாக் கதிரையும் பதிவுசெய்யும். மலைப்பகுதியில் எடுத்த படங்கள் நீலம் பாய்ந்து மங்கலாக வரும். டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. லென்ஸின் கண்ணாடிகளும் தம் பங்குக்கு அதை விழுங்கிவிடுகின்றன. ஆக, இன்று யு.வி. ஃபில்டர் என்பது விலை கொடுத்து வாங்கிய ஒரு வெறும் கண்ணாடி. பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு பரப்புக்கும் சேர்த்து 8 சதவீதம். பகல் வெளிச்சத்தில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது இதனால் பெரிய நட்டம் தெரியாது. எதிர்வெயிலில் படத்தின் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

உண்மையான வில்லங்கம் இரவில் வரும். பழநி மலையை அடிவாரத்திலிருந்து இரவில் எடுத்துப் பாருங்கள். படிக்கட்டு விளக்குகள் வரிசையாக மேலே ஏறும். படத்தின் எதிர்ப் பாதியில், இருண்ட வானத்தில், அதே வரிசை தலைகீழாகப் பச்சைப் புள்ளிகளாக மிதக்கும். சென்சாரின் வழவழப்பான பரப்பில் பட்ட ஒளி லென்ஸ் வழியே திரும்பிப் போய், தட்டையான ஃபில்டரில் மோதி, மறுபடியும் உள்ளே வருவதால் விளைவது இது. படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கம் பிம்பம் விழுந்திருந்தால் குற்றவாளி ஃபில்டர்தான், சந்தேகமே வேண்டாம். நிலாவை எடுத்தால் பக்கத்தில் மங்கலாக இன்னொரு நிலா முளைப்பதும் இதனால்தான். நல்ல பல அடுக்குப் பூச்சுள்ள ஃபில்டர் இதைக் குறைக்கும், முழுதாக ஒழிக்காது. இரவுப் படம் என்றால் ஃபில்டர் பைக்குள் போக வேண்டும்.

அப்படியானால் பாதுகாப்பு? கேமரா கீழே விழுந்தால் ஃபில்டர் உடையும், லென்ஸ் தப்பிவிடும் என்று நம்புகிறார்கள். மெல்லிய ஃபில்டர் கண்ணாடி லென்ஸின் முன்கண்ணாடியைவிட எளிதில் உடையக்கூடியது. உடைந்த சில்லே லென்ஸின் முன்பரப்பைக் கீறுவதும் உண்டு. அடியைத் தாங்குவதற்கு, லென்ஸின் வாயைச் சுற்றி மாட்டும் லென்ஸ் ஹூட் போதும். அது பக்கவாட்டு ஒளியையும் மறைத்துப் படத்தைத் தெளிவாக்கும். ஹூட்டைத் திருப்பி மாட்டியபடியே படமெடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி தேவைப்படும் இடங்கள் வேறு. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளைகள் கிளப்பும் புழுதி, பண்ணாரி தீமிதிக் குண்டத்தில் பறக்கும் சாம்பல், கொடிவேரியில் காற்றோடு வரும் சாரல் ஆகியவற்றுக்கு நடுவே நிற்கும்போது முன்னால் ஒரு கண்ணாடி இருப்பது புத்திசாலித்தனம். துடைத்துத் துடைத்துத் தேய்ந்தால் அது தேயட்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

அளவிலும் குழப்பம் உண்டு. 50 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன், 50 மி.மீ. ஃபில்டர் கொடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த 50 குவியத்தூரம். ஃபில்டருக்கு வேண்டியது லென்ஸ் வாயின் விட்டம். லென்ஸின் முன்விளிம்பில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் 49, 52, 58, 67 என்று அச்சிட்டிருக்கும். இரண்டு மூன்று லென்ஸ் இருந்தால் ஆகப் பெரிய வாய்க்கு ஒரு நல்ல ஃபில்டர் வாங்கி, மற்றவற்றுக்கு, சிறிய வாயில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம். யு.வி., போலரைசர், எஃப்.எல்.டி. மூன்றும் ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைப்பதை வாங்க வேண்டாம். எஃப்.எல்.டி. என்பது டியூப் லைட் வெளிச்சத்தில் பிலிமில் ஏறும் பச்சையைச் சரிசெய்ய வந்தது; இன்று அந்த வேலையைக் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் செய்துவிடுகிறது.

காசு போட வேண்டிய ஃபில்டர் போலரைசர், அதாவது முன்வளையத்தைச் சுற்றிப் பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி. அது செய்வதைக் கணினியில் பின்னால் செய்ய முடியாது. இலையின் மேல் படிந்த வானத்தின் வெள்ளைப் பளபளப்பை நீக்கி, அடியிலிருக்கும் பச்சையை அது வெளியே கொண்டுவரும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பை ஒருமுறை அதன் வழியே பார்த்தவர் விடமாட்டார். ஆனால் தவறுகள் அதிகம் நடப்பதும் இதில்தான்.

முதலாவது, கேமராவை எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் திருப்பி வானம் கருநீலமாக மாறவில்லையே என்று ஏங்குவது. சூரியனுக்கு 90 டிகிரி விலகிய வானத்தில்தான் போலரைசர் முழு வலிமையோடு வேலை செய்யும். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டும் பக்கமெல்லாம் அந்த வானம். கோவைக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. காலை வெயில் விழுந்த வெள்ளியங்கிரி மலைத்தொடரைப் பேரூர்ப் பக்கமிருந்து எடுக்க ஆசைப்படுவோம். மலை மேற்கே, சூரியன் முதுகுக்குப் பின்னால். அங்கே வளையத்தை எத்தனை முறை சுற்றினாலும் வானம் அசைந்து கொடுக்காது. அதே நேரத்தில் பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ நின்று தெற்கே ஆனைமலையைப் பார்த்தால் வானம் கண்ணெதிரே இருண்டு வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து வடக்கே தெரியும் நீலகிரிச் சரிவுக்கும் இது பொருந்தும். நடுப்பகல் கணக்கு வேறு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 11 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் பின்பாதியிலும் ஆகஸ்ட் பின்பாதியிலும் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது அடிவானம் முழுக்க 90 டிகிரியில் அமைவதால், எப்பக்கம் திரும்பினாலும் ஃபில்டர் ஒரே சீராக வேலை செய்யும். காற்றில் புழுதி அடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் நல்லது.

இரண்டாவது, அகலக் கோண லென்ஸில் மாட்டி வானத்தை எடுப்பது. கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 18-இல் வைத்தால் அது பார்க்கும் அகலம் ஏறத்தாழ 65 டிகிரி. அவ்வளவு அகலத்துக்குள் வானத்தின் ஒரு பகுதி 90 டிகிரிக்குள் வரும், மற்றவை வராது. விளைவு, வானத்தின் நடுவே ஒரு கரும் பட்டை. 35-க்கு மேல் ஜூம் செய்தாலோ வளையத்தைப் பாதி அளவில் நிறுத்தினாலோ இது தணியும்.

மூன்றாவது, எப்போதும் உச்ச அளவுக்குத் திருப்புவது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் நாற்று நட்ட வயலில் அழகே தண்ணீரில் தெரியும் வானம்தான். போலரைசரை முழுதாகத் திருப்பினால் வானம் போய்ச் சேறு தெரியும். ஆழியாறு அணையில் மலையின் நிழல் விழுந்த நீர்ப்பரப்புக்கும் இதே கதி. அருவிச் சாரலில் வானவில் விழுந்திருந்தால் கவனம் இன்னும் தேவை. ஒரு நிலையில் வானவில்லே காணாமல் போய்விடும், அங்கிருந்து கால் சுற்றுத் திருப்பினால் முன்னைவிட அழுத்தமாகத் திரும்பி வரும். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் ஃபில்டரும் கூடவே 90 டிகிரி திரும்பிவிடுகிறது என்பதை மறந்துபோகிறவர்கள் பலர். பித்தளைக் குத்துவிளக்கின் பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் மாட்டுவதும் வீண். உலோகத்தில் பட்டு வரும் ஒளியிடம் அதன் வித்தை பலிக்காது.

இன்னொன்று கைப்பழக்கம் சார்ந்தது. போலரைசர் வளையத்தை இறுக்கமாகும் திசையிலேயே சுற்றிப் பழக வேண்டும். லென்ஸுக்கு முன்னால் நின்று பார்த்தால் அது வலஞ்சுழி. கேமராவுக்குப் பின்னால் கண்ணை வைத்துக்கொண்டு பார்க்கும்போது இடஞ்சுழி. இதை மாற்றிச் சுற்றியவர்களின் ஃபில்டர்கள் பல அருவிகளின் அடியில் கிடக்கின்றன.

கோயில் மண்டபத்துக்குள் நுழையும்போது அதைக் கழற்றுங்கள். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை அது தின்னும்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகக் குறைவது. 1/60 நொடியில் எடுக்க வேண்டிய படம் 1/20-க்கு இறங்கும். தட்டு ஏந்தி வரும் குருக்களின் கை கலங்கிவிடும்.

அடுத்தது என்.டி. ஃபில்டர், அதாவது ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. இதில் முதல் பொறி எண்கள். என்.டி. 8 என்பதும் என்.டி. 0.9 என்பதும் ஒன்றே, மூன்று ஸ்டாப். என்.டி. 3.0 என்றால் பத்து ஸ்டாப். அதையே வேறொருவர் என்.டி. 1000 என்று அச்சிடுவார். மூன்று ஸ்டாப் வேண்டும் என்று 3.0 வாங்கி வந்தால் லென்ஸ் வழியே ஒன்றும் தெரியாது.

அருவி என்றாலே பத்து ஸ்டாப் தேவை என்ற எண்ணமும் தவறு. ஆழியாறு குரங்கு நீர்வீழ்ச்சி போல மரம் மூடிய இடத்தில், மேகம் கவிந்த நாளில், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-இல் லென்ஸ் துளையை எஃப் 11-இல் வைத்தாலே கால் நொடி, அரை நொடி கிடைத்துவிடும். தண்ணீரின் இழை தெரிய அது போதும். 30 நொடி திறந்து வைத்தால் அருவி போய் வெள்ளைப் பூச்சு மிஞ்சும். கரையிலுள்ள இலைகளும் கலங்கும். ஃபில்டர் இல்லை என்று எஃப் 22-க்குப் போகவும் வேண்டாம். அவ்வளவு சிறிய துளையில் ஒளி வளைந்து சிதறிக் கூர்மையைக் குறைக்கும்.

என்.டி. ஃபில்டரின் அருமை தெரிய வேண்டுமானால் ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளிடம் போக வேண்டும். வழக்கமான 1/1000 நொடியில் எடுத்தால் இறக்கைகள் உறைந்து நிற்கும். மின்சாரம் நின்றுபோன மின்விசிறி போலிருக்கும். நிமிடத்துக்கு 15 சுற்றுச் சுற்றும் இறக்கை ஒரு நொடியில் 90 டிகிரி நகரும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11-க்கு ஷட்டர் வேகம் 1/200 அளவில் வரும். ஆறு ஸ்டாப் குறைக்கும் என்.டி. 64 மாட்டினால் அது ஏறத்தாழ 1/3 நொடி ஆகும். அதற்குள் இறக்கை 30 டிகிரி வரை நகர்ந்து விசிறியாக விரியும், தூண் அசையாமல் நிற்கும். ட்ரைபாடும் அசையாமல் நின்றால்தான் இது நடக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் நடுத்தண்டை உயர்த்தினால் எல்லாம் ஆடும். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அது ஊஞ்சலாடி இன்னும் கெடுக்கும். பையின் அடி தரையைத் தொடும்படி தொங்கவிடுங்கள்.

பத்து ஸ்டாப் கண்ணாடி என்றால், மாட்டுவதற்கு முன்பே ஃபோகஸ் செய்து, ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட வேண்டும். மாட்டிய பின் கேமரா இருட்டில் தடவும். டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் கண் வைக்கும் துளையையும் மூடுவது அவசியம். பின்னாலிருந்து நுழையும் வெளிச்சம் அளவீட்டைக் கெடுக்கும். சுற்றிச் சுற்றி அளவை மாற்றும் வேரியபிள் என்.டி.யை அதன் கடைசி எல்லைக்குக் கொண்டுபோனால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு கரும் தடம் விழும். அது இரண்டு போலரைசர்கள் சேர்ந்த பொருள், அப்படித்தான் நடந்துகொள்ளும்.

பாதி கறுப்பு, பாதி தெளிவு என்றிருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரில் திருகி மாட்டும் வட்ட வகையைத் தவிர்க்கலாம். அதன் கோடு எப்போதும் படத்தின் நடுவில்தான் விழும். நிறக் கண்ணாடிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்காகச் சிவப்பு ஃபில்டர் மாட்டினால், சென்சாரில் சிவப்பைப் பார்க்கும் கால் பங்குப் புள்ளிகள் மட்டும் வேலை செய்யும், மற்றவை சும்மா இருக்கும். வண்ணத்தில் எடுத்துக் கணினியில் மாற்றுவதே மேல்.

துடைப்பதில் திருப்பூர் வட்டாரத்துக்கென்றே ஒரு தவறு உண்டு. பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் பயன்படும் பனியன் வேஸ்ட் கையில் எளிதாகக் கிடைக்கிறது, மென்மையாகவும் இருக்கிறது. அதன் பஞ்சு கண்ணாடியில் ஒட்டும், அதில் சிக்கிய மண்துகள் பூச்சைக் கீறும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பதுதான் முறை. வால்பாறைக் குளிரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஆழியாறு வந்ததும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியெல்லாம் ஈரம் பூக்கும். ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் இடையில் படிந்த ஈரம் எளிதில் காயாது, பூஞ்சைக்கு நல்ல இடம் அது. பையை மூடியபடியே சற்று நேரம் விட்டுவிட்டு, எடுத்தபின் ஃபில்டரைக் கழற்றிக் காயவிடுங்கள்.

கழற்ற வராமல் இறுகிப்போனால் பலம் காட்டக் கூடாது. இரண்டு விரலால் நெரிக்க நெரிக்க வளையம் நீள்வட்டமாகி இன்னும் கவ்விக்கொள்ளும். விளிம்பைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டைப் போட்டு, எல்லா விரல்களாலும் லேசாகப் பிடித்துத் திருப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால், கழுவித் துடைத்த ரப்பர் செருப்பின் தட்டையான அடிப்பாகத்தில் லென்ஸைக் கவிழ்த்து, வளையம் முழுவதும் சமமாகப் படும்படி அழுத்திச் சுற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். கண்ணாடி விளிம்பைவிட உள்ளடங்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். போலரைசரிடம் மட்டும் இந்தச் செருப்பு வைத்தியம் செல்லாது. முன்வளையம்தான் சும்மா சுழலும். அதற்குப் பின்வளையத்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் ரெஞ்ச் கேமராக் கடைகளில் கிடைக்கிறது.