பக் உள்ள வரியைக் கருவி தவறாகக் காட்டுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த டெஸ்ட் எந்த வரிகளை ஓட்டியது, அது பாஸா ஃபெயிலா என்ற கணக்கை வைத்து, பக் இருக்கக்கூடிய வரிகளை வரிசைப்படுத்தித் தரும் கருவிகள் பல உண்டு. டாரன்டுலா, ஓச்சியாய், டிஸ்டார் என்று சூத்திரங்களுக்கும் பஞ்சமில்லை. வரிசை தப்பாக வந்தால் பலரும் முதலில் சூத்திரத்தைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்குள் போகும் தரவில்தான் இருக்கும்.

வெவ்வேறு பக்குகளால் வந்த தோல்விகளை ஒன்றாகக் கொட்டுவதுதான் முதல் தவறு. ஓச்சியாயை எடுத்துக்கொள்வோம். அது ஒரு பின்னம். வரியை ஓட்டி ஃபெயிலான டெஸ்ட்களின் எண்ணிக்கை மேலே. மொத்த ஃபெயில்களையும் அந்த வரியை ஓட்டிய மொத்த டெஸ்ட்களையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம் கீழே. 100 டெஸ்ட்களில் 4 ஃபெயில். பக் உள்ள வரியை அந்த 4-ம், பாஸான 5-ம் ஓட்டுகின்றன என்றால் மதிப்பு 4/√(4×9), அதாவது 0.67. எல்லா டெஸ்ட்டும் ஓட்டும் தொடக்க வரிக்கு 4/√(4×100) = 0.2 மட்டுமே. இப்போது அதே 100-இல், இந்த பக் வரியை ஓட்டாத இன்னும் 12 டெஸ்ட் வேறொரு பக்கால் ஃபெயிலாகிறது என்று வையுங்கள். பக் வரி 0.33-க்கு இறங்கிவிடும், ஒரு குற்றமும் செய்யாத தொடக்க வரி 0.4-க்கு ஏறி முன்னே நிற்கும். ஆகவே பிழைச் செய்தி, ஸ்டாக் டிரேஸ் (பிழை வந்தபோது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) பார்த்துத் தோல்விகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

அசெர்ட் (விடை சரியா என்று சோதிக்கும் வரி) இல்லாத டெஸ்ட்களும் இதே வேலையைச் செய்யும். பக் வரியை ஓட்டிவிட்டு, விடையைச் சரிபார்க்காமல் பாஸாகும் ஒவ்வொரு டெஸ்ட்டும் அந்த வரியின் மதிப்பைக் குறைக்கிறது. நிரலை மாற்றாமலே ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில் என்று ஆடும் டெஸ்ட்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

சி, சி++ நிரல்களில் எளிதில் கண்ணில் படாத ஒன்று: எந்த வரிகள் ஓடின என்று பதியும் ஜிகோவ் கருவி, அந்தப் பதிவான கவரேஜ் கோப்பை நிரல் முறையாக முடியும்போதுதான் எழுதும். செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தவறான நினைவக இடத்தைத் தொட்டு வரும் கிராஷில்) செத்துப்போன டெஸ்ட்டுக்குக் கவரேஜே இருக்காது. நமக்கு மிகவும் வேண்டிய தகவல் அதுதானே! சிக்னல் ஹேண்ட்லரில் (கிராஷ் வரும்போது ஓடும் ஃபங்ஷனில்) கவரேஜை எழுதவைக்க வேண்டும். நிரலை வேகமாக்க கம்பைலர் செய்யும் ஆப்டிமைசேஷனையும் அணைத்தே கம்பைல் செய்யுங்கள். இல்லாவிட்டால் வரி எண்கள் குழம்பும்.

பக் எந்தக் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட்டை, ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்துத் தானாக ஓடவிடுபவர்கள் எக்சிட் கோடில், அதாவது அந்த ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பும் எண்ணில், வழுக்குவார்கள். 0 என்றால் நல்ல கமிட். 1 முதல் 127 வரை கெட்டது. 125 மட்டும் 'இதைத் தாண்டிப் போ'. பில்ட் உடைந்து 1 அல்லது 2 வந்தால், அந்தக் கமிட்மேல் அநியாயமாகப் பழி விழும். பில்ட் தோற்றால் 125 திருப்புங்கள். தேடுவதே கிராஷ் என்றால் இன்னொரு சிக்கல்: ஷெல் தரும் 139 போன்ற, 127-ஐத் தாண்டிய எண்கள் பைசெக்ட்டையே நிறுத்திவிடும். அதை 1 ஆக மாற்றுங்கள். ஸ்கிரிப்டை ரெப்போவுக்கு (கிட் கண்காணிக்கும் கோப்புறைக்கு) வெளியே வைப்பது நல்லது. உள்ளே இருந்தால் கமிட் மாறும்போது அதுவும் மாறிப்போகலாம்.

எழுதாமல் விட்ட வரியை இப்படி வரிசைப்படுத்தும் எந்தக் கருவியாலும் சுட்டிக்காட்ட முடியாது. மதிப்பு காலியா (null) என்ற சோதனை விடுபட்டிருந்தால் அதற்கு வரி எண்ணே கிடையாது. மேலே வந்த வரி சரியாகத் தெரிந்தால் உடனே அடுத்ததற்குத் தாவாமல், அதைச் சுற்றியுள்ள இஃப், லூப் நிபந்தனைகளையும் அந்த ஃபங்ஷனை அழைக்கும் இடத்தையும் பாருங்கள். கிளைபிரியாமல் அடுத்தடுத்து ஓடும் வரிகளுக்கு ஒரே மதிப்புதான் கிடைக்கும். அவற்றுள் முதல், இரண்டாம் இடத்துக்குப் பொருளில்லை.