குமரி மாவட்டக் குளங்களை ஜிஐஎஸ் வரைபடமாக்குவது எப்படி: ஒரே லேயர், பல துறைக் கேள்விகள்

மதுரைப் பக்கம் கண்மாய், செங்கல்பட்டுப் பக்கம் ஏரி. குமரி மாவட்டத்தில் எல்லாமே குளம்தான். நீர்வளத்துறைப் பொறியாளர் அதில் கொள்ளளவைப் பார்க்கிறார், விவசாயி தன் ஏலாவுக்கு (வயல்வெளிக்கு) வரும் தண்ணீரைப் பார்க்கிறார். பறவை ஆய்வாளருக்கு அது வாழிடம், வரலாற்று மாணவருக்கு ஊர்ப்பெயரின் வேர். ஆளுக்கொரு வரைபடம் வரைந்து, ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் கிடப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. ஜிஐஎஸ்ஸில் (இடத்தோடு தகவலையும் சேர்த்து வைக்கும் கணினி வரைபட முறையில்) ஒரு தடவை ஒழுங்காக வரைந்த லேயரை, அதாவது வரைபட அடுக்கை, எல்லாத் துறையும் எடுத்தாளலாம். அதற்கு வரையும் முன்பே சில முடிவுகள் எடுக்க வேண்டும். அவற்றைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

முதல் முயற்சிக்கு ஒரு வருவாய்க் கிராமம், இருபது குளம் போதும். மாவட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்தால் பாதியில் நின்றுவிடும். மென்பொருள் கியூஜிஐஎஸ், கைபேசியில் கியூஃபீல்டு. இரண்டும் இலவசம். 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண மடிக்கணினியே போதும்.

ஆயத்தொலை முறை: எல்லாத் தவறும் தொடங்கும் இடம்

கைபேசி தரும் இடக்குறி பாகைக் கணக்கில் இருக்கும். நாகர்கோவில் என்றால் வடக்கு 8.18, கிழக்கு 77.41 என்று வரும். இடத்தைக் காட்ட இது சரி, பரப்பும் நீளமும் அளக்க மீட்டர் கணக்கு வேண்டும். உலகை 6 பாகைப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் குமரி மாவட்டம் முழுவதும் மண்டலம் 43 வடக்கில் விழுகிறது. புராஜெக்டைத் திறந்ததும் கீழே வலது மூலையில் இந்த மண்டலத்தின் குறியீட்டு எண்ணான இபிஎஸ்ஜி 32643 என்று தேர்ந்தெடுங்கள்.

இதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மண்டல எல்லையான 78 பாகைக் கோடு மாநிலத்தை ஊடறுத்துப் போகிறது. மதுரை, தூத்துக்குடி, சென்னை எல்லாம் மண்டலம் 44. அங்கே உருவான பயிற்சிக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு குமரியின் அளவுகளுக்கு மண்டலம் 44-இன் எண்ணான 32644 என்று முத்திரை குத்தினால், உங்கள் குளங்கள் 6 பாகை கிழக்கே, அதாவது 660 கிலோமீட்டர் தள்ளி, இலங்கையையும் தாண்டிக் கடலில் போய் நிற்கும். அப்படி நடந்தால் 'செட் லேயர் சிஆர்எஸ்' (லேயரின் ஆயத்தொலை முறையைக் குறிக்கும்) கட்டளையில் சரியான எண்ணைக் கொடுங்கள். அந்தக் கட்டளை முத்திரையை மட்டுமே மாற்றும், எண்களைத் தொடாது. எண்களையே ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது 'ரீபுராஜெக்ட்'. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் பிழைகளில் முதலாவது.

இரண்டாவது, நெடுக்கும் குறுக்கும் இடம் மாறுவது. எக்ஸ் என்ற கட்டத்தில் தீர்க்கரேகை, அதாவது 77 என்று தொடங்கும் எண் வர வேண்டும். மாற்றிப் போட்டால் புள்ளிகள் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் விழும். லேயரைக் காணோம் என்று திகைத்தால் முதலில் அங்கே தேடுங்கள்.

பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ தாள் (நிலவமைப்பு வரைபடம்) கிடைத்தால் (நாகர்கோவில் வருவது 58 எச்/8) அதன் ஓரக் கட்டங்களை வைத்துப் பொருத்தலாம். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தை (பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரியை) அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை நேரடியாக ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யுஜிஎஸ் 84 என்று கொண்டால் குமரிப் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். சிறிய குளம் ஒன்று முழுதாகப் பக்கத்துத் தோப்புக்குப் போய்விட அது போதும். ஆகவே அந்தத் தாள்களின் முறையான கலியான்பூர் 1975, இபிஎஸ்ஜி 4146 என்று கொடுத்துப் பொருத்தி, பிறகு 32643-க்கு மாற்றுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர்க் கோடு என்பது தரையில் 25 மீட்டர். அந்தத் தாளில் குளம் இருந்ததா, எந்த வடிவில் இருந்தது என்று பார்க்கலாம், கரை எல்லையை அதிலிருந்து எடுக்கக் கூடாது.

எதைக் குளத்தின் எல்லை என்பது?

இதற்குப் பதில் முடிவு செய்யாமல் ஒரு கோடும் இழுக்காதீர்கள். தண்ணீர் நிற்கும் ஓரம், மறுகால் (உபரி நீர் வழியும் இடம்) மட்டம் வரை நிரம்பினால் தண்ணீர் எட்டும் ஓரம், வருவாய்த்துறையின் நில விவரப் பதிவேடான அ பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்று உள்ள எல்லை. மூன்றும் வேறு வேறு. கரை கட்டிய பக்கத்தில் மூன்றும் நெருங்கி வரும். தண்ணீர் வந்து சேரும் மேல்பக்கத்தில்தான் விலகிப் போகும், ஏனென்றால் அங்கே தரை மெல்ல ஏறும், வாழையும் தென்னையும் உள்ளே இறங்கியிருக்கும்.

எங்கள் பரிந்துரை: மறுகால் மட்ட எல்லையை முதன்மைப் பலகோணமாக வரையுங்கள். பதிவேட்டு எல்லையைத் தனி லேயராக வையுங்கள். ஒன்றை மற்றொன்றின் மேல் அழித்துத் திருத்த வேண்டாம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசமே நாளைக்கு ஒருவருக்குத் தேவைப்படும் தகவல்.

செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் வைத்து 1:1,500 அளவில் வரையுங்கள். அதற்கு மேல் பெரிதாக்கினால் பிக்சலைத்தான் வரைவீர்கள். படம் எந்த மாதம் எடுத்தது என்பது முக்கியம். மார்ச், ஏப்ரல் படத்தில் பாதிக் குளம் புல்லாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழையின் நவம்பர், டிசம்பர் படம் கிடைத்தால் நல்லது. பக்கத்துப் பக்கத்துக் குளங்கள் ஒரே கரையைப் பகிர்ந்தால், கோடுகளைத் தானாக ஒட்டவைக்கும் 'ஸ்னாப்பிங்' வசதியை 10 பிக்சல் அளவில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஊசி முனைபோல் இடைவெளிகள் நிற்கும்.

பலகோணம் தவிர இன்னும் மூன்று லேயர் தேவை: கரைக்குக் கோடு, மடைக்கும் மறுகாலுக்கும் புள்ளி, சானலுக்கும் (வாய்க்காலுக்கும்) ஓடைக்கும் கோடு. சானலை வரையும்போது தண்ணீர் போகும் திசையிலேயே, மேலிருந்து கீழாக வரையுங்கள். தலைகீழாக வரைந்தால், எதிலிருந்து எதற்குத் தண்ணீர் போகிறது என்று பார்க்கும் நெட்வொர்க் ஆய்வு முழுவதும் தப்பாகும்.

பத்தியில் என்ன எழுதுவது?

ஒவ்வொரு லேயரோடும் ஓர் அட்டவணை இருக்கும், அதன் பத்திகள் (காலம்கள்) இவை: குளத்துக்கு நீங்களே கொடுக்கும் எண், ஊரார் சொல்லும் பெயர், பதிவேட்டுப் பெயர், புல எண், கிராமத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் குறியீட்டு எண், மடைகளின் எண்ணிக்கை, எந்தச் சானலிலிருந்து தண்ணீர் வருகிறது, மறுகால் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது, பார்த்த தேதி, பார்த்தவர் யார். இவ்வளவு போதும். இவற்றுள் உயிரான பத்தி 'மறுகால் போகும் குளத்தின் எண்'. குமரிக் குளங்கள் பல சங்கிலியாகத் தொடர்பவை. அந்த ஒரு பத்தி நிரம்பினால், மேல்குளம் உடைந்தால் எந்த ஏலா முதலில் முங்கும் என்று கணினியிடம் கேட்கலாம்.

தரையின் உயரத்தைக் காட்டும் தரவான உயர மாதிரியிலிருந்து இந்தச் சங்கிலியைத் தானாக எடுத்துவிடலாம் என்று தோன்றும். இங்கே அது எடுபடாது. இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவுகள் பெரும்பாலும் மரத்தின் தலையையும் தரையாகவே கணக்கிடுகின்றன. தென்னந்தோப்பு மேடாகவும், ரப்பர்த் தோட்டம் குன்றாகவும் நிற்கும். இரண்டு மூன்று மீட்டர் உயரக் குளக்கரை அதில் தெரியவே தெரியாது. மலையோரத்தில் ஓடைகளைக் காண அதைப் பயன்படுத்துங்கள். சமவெளியில் கரையில் நடந்து பார்த்தோ, மடை திறக்கிறவரிடம் கேட்டோதான் எழுத வேண்டும்.

கோப்பை ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் வைக்க வேண்டாம், ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்தில் வையுங்கள். ஷேப்ஃபைலில் பத்தித் தலைப்புக்கு 10 பைட் மட்டுமே. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'குளம்' என்ற சொல்லே க, உகரக் குறி, ள, ம, புள்ளி என்று ஐந்து குறி, 15 பைட். தலைப்பு 'குள' என்று நின்றுவிடும்.

தமிழில் வேலை செய்கிறவர்களை அதிகம் வாட்டுவது இன்னொன்று. தோவாளை என்பதில் உள்ள 'தோ' இரண்டு வகையாகக் கோப்பில் பதிவாகலாம்: ஓகாரத்துக்கு ஒரே குறியாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு அட்டவணையைப் பெயர் வைத்து இணைக்கும்போது மட்டும் கணினி வேறு வேறு என்று சொல்லும். கால் குறிக்குப் பதிலாக 'ர' தட்டியிருந்தாலும் இதே கதி. ஆகவே இணைப்பைப் பெயரில் செய்யாதீர்கள், கிராமக் குறியீட்டு எண்ணில் செய்யுங்கள். அலுவலகங்களிலிருந்து வரும் பழைய கோப்புகள் வானவில், பாமினி எழுத்துருக்களில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். எக்செல்லிலிருந்து சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வி தமிழை எல்லாம் கேள்விக்குறி ஆக்கிவிடும்.

கரையில் நின்று சரிபார்த்தல்

கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை சரியாக இருக்கும். ரப்பர் மரத்தடியில் 10 மீட்டருக்கு மேலும் தவறும். மடையருகே போய் நின்றதும் பதியாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். துல்லிய அளவு 5 மீட்டருக்குக் கீழ் வந்ததும் பதியுங்கள். மலையோரத்தில் சிக்னல் கிடைக்காது, வீட்டிலேயே பின்னணிப் படத்தைத் தரவிறக்கிக்கொண்டு போக வேண்டும். மறுகால் சுவரைப் படம் எடுக்கும்போது ஒரு குடையையோ மண்வெட்டியையோ பக்கத்தில் சாய்த்து வைத்தால் பிறகு உயரம் மதிப்பிடலாம்.

திரும்பி வந்ததும் பரப்பைக் கணக்கிடுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் டாலர் குறியோடு வரும் ஏரியா, பூமியின் வளைவையும் கணக்கில் எடுக்கும். அடைப்புக்குறியோடு வரும் ஏரியா சார்பு, லேயரின் அலகிலேயே விடை தரும். பாகை லேயரில் அதை ஓட்டினால் ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 0.00000082 என்று வரும். இப்படி நுண்ணிய எண்ணைக் கண்டால் குளம் தப்பு என்று நினைக்க வேண்டாம், அலகுதான் தப்பு.

பட்டாவிலும் பதிவேட்டிலும் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், ஊரில் ஏக்கர், சென்ட் என்பார்கள். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். இரண்டு அலகையும் பத்தியில் வைத்தால் கேட்கிறவருக்கு உடனே பதில் சொல்லலாம்.

மாதா மாதம் தண்ணீர் எவ்வளவு?

சென்டினல் 2 செயற்கைக்கோள் படம் இலவசம், 10 மீட்டர் பிக்சல், ஐந்து நாளுக்கு ஒரு முறை. ஒரு பிக்சல் சரியாக ஒரு ஏர் என்பது நமக்கு வசதி. பிக்சல் எண்களைக் கணக்கிடும் ராஸ்டர் கால்குலேட்டரில் பேண்ட் 3-லிருந்து (பச்சை ஒளி) பேண்ட் 8-ஐக் (அண்மை அகச்சிவப்பு ஒளி) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க் குறியீடு கிடைக்கும். பூஜ்யத்துக்கு மேல் வந்தால் பெரும்பாலும் தண்ணீர். கலங்கிய நீரில் வரம்பைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும்.

ஆனால் தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிய குளம் இந்தக் குறியீட்டில் வயலாகவே தெரியும். குமரியில் தாமரை பயிரிடும் குளங்கள் பல. இதை அறியாமல் 'குளங்கள் வறண்டன' என்று அறிக்கை எழுதினால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். பத்தியில் 'தாமரை உண்டா' என்று ஒன்று சேர்த்து, அந்தக் குளங்களைக் கணக்கிலிருந்து தனியே பிரியுங்கள். சிறிய குளமும் ஏமாற்றும். 40 மீட்டருக்கு 50 மீட்டர் குளத்தில் 20 பிக்சல், அதில் 14 கரையோரம், பாதி நீர் பாதி மண். அரை ஏக்கருக்குக் கீழ் உள்ளவற்றுக்கு இந்த வழி வேண்டாம். மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் சென்டினல் 1 ரேடார் படம் உதவும்.

இன்னொரு எச்சரிக்கை: ஜூனில் குளம் நிறைந்தால் அதை மழையின் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். கன்னிப்பூ (முதல் போக நெல்) சாகுபடிக்குப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் சானல் வழி வரும் காலம் அது. மழையளவையும் குளப் பரப்பையும் மட்டும் ஒப்பிட்டால் காரணமே இல்லாத தொடர்பு கிடைக்கும். சானல் திறந்த தேதி கட்டாயம் வேண்டும்.

ஒரே லேயர், வேறு வேறு கேள்வி

பறவை ஆய்வாளருக்கு நிறைகுளத்தைவிட வற்றிய ஓரம் முக்கியம், நீளக்கால் பறவைகள் இரை தேடுவது ஆழமில்லாத நீரில். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஆகியவை 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில்) சேர்ந்தவை. அங்கே வேலை செய்கிறவர்கள் உயர் எல்லை, தாழ் எல்லை இரண்டையும் மாதவாரியாக வரைய வேண்டும்.

சுகாதாரத் துறையினர் டெங்குவுக்காகக் குளத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போடுவதைக் காணலாம். அது தவறான கேள்வி. ஏடிஸ் கொசு பெருகுவது தொட்டியிலும், டயரிலும், சிரட்டையிலும், ரப்பர் பால் வடிக்கும் கிண்ணத்திலும். அவர்களுக்கு வேண்டியது ரப்பர்த் தோட்ட லேயரும் வீட்டு லேயரும். மருத்துவமனைத் தொலைவை நேர்கோட்டில் அளப்பதும் இங்கே பொருந்தாது. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தின் அக்கரையிலுள்ள காணி பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு வழி படகுதான். சாலை நெட்வொர்க்கோடு படகுத் துறையும் சேர்ந்தால்தான் நேரம் சரியாக வரும்.

வரலாறு படிப்பவர் ஊர்ப்பெயர்ப் புள்ளிகளை மேலே வைத்துப் பார்க்கட்டும். விளை என்று முடிபவை மேட்டிலும், குளம், ஏலா என்று வருபவை தாழ்விலும் விழுகின்றனவா? குளமே இல்லாத இடத்தில் குளம் என்ற பெயர் நின்றால் பழைய தாளைப் பாருங்கள். குமரி தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1-க்கு முந்தைய ஆவணங்கள் திருவிதாங்கூர் வழி வந்தவை, பல மலையாளத்தில் உள்ளவை. அந்தப் பெயர் வடிவத்தையும் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள்.

கடைசி வேலை அச்சு. ஏ3 தாளில் 1:5,000 அளவில் ஏறக்குறைய 2.1 கிலோமீட்டருக்கு 1.5 கிலோமீட்டர் அடங்கும். குள எண்ணும் ஊர்ப்பெயரும் பெரிய எழுத்தில் தெரிய அச்சிட்டு, அந்த ஏலாவில் பயிர் செய்கிறவர்களிடம் ஒரு சிவப்புப் பேனாவோடு கொடுங்கள். அவர்கள் அடிக்கும் திருத்தத்தை ஏற்றி, 'திருத்திய தேதி' பத்தியை நிரப்பி, பழைய வடிவத்தையும் அழிக்காமல் வைத்த பிறகே கோப்பை மற்றவர்களுக்குக் கொடுங்கள்.