போட்டிக்குக் கைவினைக் கத்தியைப் படம் எடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கத்தி ஆர்வலர்கள் நடத்தும் புகைப்படப் போட்டிகளில் பெரும்பாலும் ஒரு கருப்பொருள் கொடுப்பார்கள். ‘வேலையில் இருக்கும் கத்தி’, ‘மழை’, ‘கத்தியும் உறையும்’, ‘சமையலறை’ என்று ஏதாவது ஒன்று. கையில் கொல்லர் அடித்துக் கொடுத்த அருமையான கத்தி இருக்கும், நல்ல போனும் இருக்கும். ஆனால் எடுத்துப் பார்த்தால் பிளேடு ஒரே கறுப்பாக இருக்கும், இல்லாவிட்டால் வெள்ளை வெளேரென்று வெளுத்திருக்கும். நடுவில் நம் முகமும் தெரியும்.

காரணம் ஒன்றுதான். மெருகேற்றிய எஃகு கிட்டத்தட்ட ஒரு நிலைக்கண்ணாடி. எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும். ஆகவே கத்திமேல் எவ்வளவு வெளிச்சம் அடிக்கிறோம் என்பதைவிட, பிளேடில் எது பிரதிபலிக்கிறது என்பதுதான் முக்கியம். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

தேவையானவை: இரண்டு தெர்மாகோல் அட்டைகள், ஒரு கறுப்பு சார்ட் பேப்பர், மெல்லிய வெள்ளை வேட்டி அல்லது பட்டர் பேப்பர், கொஞ்சம் களிமண், மைக்ரோஃபைபர் துணி, போனை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்டு. எல்லாம் பக்கத்து ஸ்டேஷனரி கடையிலும் வீட்டிலுமே கிடைக்கும்.

படி 1: விதிமுறையைப் படியுங்கள், பிறகு கருப்பொருளை

ஒரே படமா, பல படங்களை ஒட்டிய தொகுப்பா? கத்தி நீங்களே செய்ததாக இருக்க வேண்டுமா, வாங்கியதும் செல்லுமா? எடிட்டிங் எவ்வளவு வரை? படத்தின் அளவு என்ன? இவற்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள். நல்ல படம் ஒன்று வெறும் விதிமுறைக் கோளாறால் வெளியேறுவது வருத்தமான விஷயம்.

அப்புறம் கருப்பொருள். தலைப்பைப் படிக்காத ஒருவரிடம் படத்தைக் காட்டினாலும் அவர் கருப்பொருளை ஊகிக்க முடிய வேண்டும். அழகான கத்தியை எடுத்துவிட்டு, ஓரத்தில் ஒரு இலையை வைத்து ‘இயற்கை’ என்று அனுப்பினால் எடுபடாது. இந்த விளக்கத்துக்கு ‘வேலையில் இருக்கும் கத்தி’ என்பதையே எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கு இதுதான் எளிது. கத்தி தன் வேலையைச் செய்தாலே கதை வந்துவிடும்.

படி 2: எந்தக் கத்தி?

இருப்பதிலேயே விலை அதிகமான கத்திதான் வேண்டும் என்பதில்லை. கருப்பொருளுக்குப் பொருந்துவதை எடுங்கள். பின்லாந்தின் பூக்கோ கத்தி கைக்குள் அடங்கும் சின்னக் கத்தி. நேரான முதுகு, மரப்பிடி, மரம் சீவ ஏற்ற கூர். அதன் பக்கத்தில் சுருண்டு விழுந்த ஒரு மரச்சீவல் இருந்தாலே போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் இளநீரோ கரும்போ வைக்கலாம். கார்பன் எஃகில் அடித்த சமையல் கத்தி என்றால் வெங்காயம்.

புதியவர்களுக்கு ஒரு யோசனை: முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் கத்தியை முதல் போட்டிக்கு எடுக்க வேண்டாம். உலைக் கருமையை அப்படியே விட்ட ஜப்பானிய ‘குரோஉச்சி’ வகைக் கத்தி, கையால் தேய்த்து மங்கலாக முடித்த கத்தி, புழங்கிப் புழங்கி நீலமும் சாம்பலும் ஏறிய கார்பன் எஃகுக் கத்தி ஆகியவை எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும்.

படி 3: சுத்தம்

கண்ணுக்குத் தெரியாத தூசியும் கைரேகையும் படத்தில் பளிச்சென்று தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால், முதுகுப் பக்கமிருந்து கூர்ப் பக்கம் நோக்கித் துடையுங்கள். கூரின் நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள். அதன்பின் பிளேடைத் தொடவே வேண்டாம், பிடியை மட்டும் பிடியுங்கள். கைவியர்வையில் இருக்கும் உப்பு கார்பன் எஃகில் துருப் பிடிக்க வைக்கும். கடலோர ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், எண்ணெய் இல்லாத கத்தி ஒரே நாளில் செம்புள்ளி போடும்.

எண்ணெய்ப் பூச்சோடு படம் எடுத்தால் வானவில் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியலாம். ஆகவே படம் எடுக்கும்போது எண்ணெய் வேண்டாம், எடுத்து முடித்தவுடன் பூசிவிடலாம்.

படி 4: ஜன்னல்

நேரடி வெயில் வேண்டாம். வெயில் பிளேடில் ஒரு புள்ளியாக எரியும், மற்ற இடமெல்லாம் இருண்டுவிடும். பெரிய, மெத்தென்ற வெளிச்சம்தான் தேவை. மேலைநாட்டுக் கையேடுகள் வடக்கு ஜன்னலைச் சொல்லும். ஆனால் தமிழ்நாட்டில் அது ஆண்டு முழுவதும் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிவெயிலே வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். எந்தத் திசை ஜன்னலானாலும் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

அறையிலுள்ள டியூப் லைட், எல்.இ.டி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் எஃகின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. இன்னொன்று: சட்டை. சிவப்புச் சட்டை போட்டிருந்தால் பிளேடில் சிவப்புக் கீற்று தெரியும். கறுப்போ சாம்பலோ போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: பிளேடுக்கு எதைக் காட்டுவது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். அவசரப்படாதீர்கள்.

கத்தியை மேசையில் வைத்து, பிடிக்குக் கீழே சிறு களிமண் உருண்டை கொடுத்து நிலையாக நிறுத்துங்கள். கூர்ப்பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்துவிட்டு, படம் எடுக்கும் நேரத்தில் மட்டும் உரியுங்கள். கத்தியைச் சுற்றி அட்டைகளை நகர்த்திக்கொண்டே இருப்போம், கை படாமல் இருக்க இது அவசியம்.

இப்போது போன் இருக்கப்போகும் இடத்தில் உங்கள் கண்ணை வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிளேடுக்குள் பாருங்கள். என்ன தெரிகிறது? மின்விசிறியா, கூரையா, பீரோவா? நேர் மேலிருந்து படம் எடுத்தால் உங்கள் போனும் தலையும்தான் தெரியும். அதனால் கேமராவைக் கொஞ்சம் சாய்வாக வையுங்கள். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில்தான் எதிர்ப்பக்கம் திரும்பும். ஆகவே கேமரா ஒரு பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, எதிர்ப்பக்கம் அதே சாய்வில் ஒரு தெர்மாகோலைப் பிடியுங்கள். பிளேடுக்குள் வெள்ளை பரவுவது கண்ணெதிரே தெரியும்.

முழுக்க வெள்ளையாக்கிவிடாதீர்கள், கத்தி தகரம்போலத் தட்டையாகிவிடும். தெர்மாகோலை மெதுவாகப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் வெளுப்பாகத் தொடங்கிக் கூர் நோக்கிப் படிப்படியாகச் சாம்பலாகும் ஒரு நிலை வரும். அங்கே நிறுத்துங்கள். சாணை பிடித்த சரிவும் அதற்கு மேலுள்ள சமதளமும் வெவ்வேறு கோணத்தில் இருப்பதால், ஒன்று வெளுக்கும்போது மற்றொன்று இருளும். கொல்லர் உழைத்து எடுத்த அந்த நேர்கோடு அப்போதுதான் கூர்மையாகத் தெரியும். கூரின் ஓரம் பின்னணியோடு கலந்துவிட்டால், கறுப்புச் சார்ட்டில் ஒரு பட்டை வெட்டி அந்தப் பக்கம் பிடியுங்கள், மெல்லிய கருங்கோடு விழும்.

டமாஸ்கஸ் வகைக் கத்திகளுக்கு இதே முறை மிகப் பொருத்தம். 1084, 15என்20 போன்ற இரண்டு எஃகுகளை அடுக்கி அடித்து, எஃகை அரிக்கும் பெர்ரிக் குளோரைடு கரைசலில் நனைத்து எடுப்பார்கள். நிக்கல் கலந்த 15என்20 அரிப்பைத் தாங்கிப் பளபளப்பாக நிற்கும், மற்றது கறுக்கும். எதிரே வெள்ளை அட்டை இருந்தால் பளபளப்பான வரிகள் மட்டும் வெளுத்து, கோலம் முழுவதும் எழுந்து வரும். அட்டையை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே இருட்டு.

விதிவிலக்கு ஒன்று: முதுகில் தடித்த மண்பூச்சு பூசி நீரிலோ எண்ணெயிலோ குளிர்வித்த கத்திகளில் வரும் ‘ஹாமோன்’ என்ற மேகக்கோடு. பெரிய வெளிச்சத்தில் அது மறைந்துவிடும். அறையை இருட்டாக்கி, சின்ன டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்து நகர்த்துங்கள். கோட்டின் ஓரத்தை வெளிச்சம் உரசும் இடத்தில் அது தெரியும்.

படி 6: கேமரா

போனில் அல்ட்ராவைடு வேண்டாம். கிட்டப்போனால் தானாக மேக்ரோவுக்கு மாறுவதையும் நிறுத்திவிடுங்கள், பல போன்களில் அப்போது அல்ட்ராவைடு லென்ஸ்தான் வேலை செய்யும், பிடி பருத்து நுனி சிறுத்து வரும். 2எக்ஸ் வைத்து ஓரடி பின்னால் நில்லுங்கள். திரையில் கத்தியை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளுத்த இடத்தில் விவரம் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

டி.எஸ்.எல்.ஆர் என்றால் ஐ.எஸ்.ஓ 100, அபர்ச்சர் எஃப் 8 முதல் எஃப் 11 வரை, 2 விநாடி டைமர். எஃப் 16-ஐத் தாண்டினால் நுண்விவரம் மழுங்கத் தொடங்கும். கத்தியைச் செய்தவரின் முத்திரைமேல் ஃபோகஸ் இருக்கட்டும்.

படி 7: கருப்பொருளை உள்ளே கொண்டுவருதல்

இந்தத் துறையில் துப்பாக்கித் தோட்டா, விஸ்கி கிளாஸ், மண்டையோடு என்று வைக்கும் பழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கத்தி ஒரு கருவி, அதன் வேலையை மதித்துக் காட்டினால் போதும். பக்கத்தில் வைக்கும் எந்தப் பொருளும் அந்தக் கத்தி தொட்டதாக இருக்க வேண்டும். வெட்டாத மிளகாயை அழகுக்காக இறைப்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

சமையல் கத்திக்கு இப்படிச் செய்து பாருங்கள். பாதி அரிந்த சின்ன வெங்காயம், பலகையில் நாலைந்து வில்லைகள், பிளேடிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வில்லை. அந்த ஈரமான வில்லையின் ஓரத்தில் ஜன்னல் வெளிச்சம் ஊடுருவும்போது ஊதா நிறம் தெரியும், பக்கத்திலேயே எஃகின் நீலக்கறை. வேறு எதுவும் வேண்டாம். வெங்காயச் சாறும் எலுமிச்சையும் கார்பன் எஃகில் சில நிமிடத்தில் கறை போடும், எடுத்தவுடன் துடைத்துவிடுங்கள். ‘மழை’ என்ற கருப்பொருளுக்குத் தண்ணீரும் கிளிசரினும் சம அளவு கலந்து தெளித்தால் துளிகள் வழியாமல் நிற்கும்.

பிடியை மறக்காதீர்கள். ஈட்டி மரம், கருங்காலி போன்றவற்றில் செய்த பிடிக்குப் பக்கவாட்டில் தாழ்வாக வரும் வெளிச்சம்தான் ரேகைகளை எழுப்பும். பிளேடுக்கு ஒரு அட்டை, பிடிக்கு ஒரு அட்டை என்று நான் இரண்டு சொன்னது இதற்காகத்தான்.

வெளியில் போய் எடுப்பதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கானவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் இந்திய ஆயுத விதிகளுக்குள் வரும். பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போட்டவர்கள் கைதாகும் செய்திகளைப் படித்திருப்பீர்கள். பொது இடம் வேண்டாம், சொந்தத் தோட்டமோ மொட்டைமாடியோ போதும். கத்தியை ஓங்கிப் பிடித்தபடி ஆள் நிற்கும் படம் எந்தப் போட்டிக்கும் வேண்டாம்.

படி 8: எடிட்டிங், தலைப்பு

வெளிச்சம், நிறம், கிராப், தூசி நீக்குதல் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். பிளேடில் உள்ள கீறலையோ சுத்தியல் தடத்தையோ அழிக்காதீர்கள். அது செய்தவரின் வேலை, அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

தலைப்பில் செய்தவரின் பெயர், எஃகு வகை, பிடியின் மரம் மூன்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பட்டறை இருக்கும் ஊரையாவது எழுதுங்கள். அடுக்கி அடித்த டமாஸ்கஸை ‘பழங்கால உருக்கு’ என்று எழுத வேண்டாம். பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கு, மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், உருக்கியெடுத்தது. கொடுமணல் அகழாய்வில் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்தன. அதன் வரிகள் உலோகம் உறைந்து, பிறகு அடிபடும்போது உள்ளுக்குள்ளேயே உருவானவை. இன்றைய அடுக்கு டமாஸ்கஸ் வேறு கலை. அமெரிக்காவில் பில் மோரன் 1973-இல் கத்திக் கலைஞர்களின் கண்காட்சியில் அப்படிச் செய்த கத்திகளை வைத்த பிறகுதான் அது அங்கே மறுபடி பரவியது. நடுவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும்.

படத்தை அனுப்பும் முன், கத்தியைக் கழுவி, உலரத் துடைத்து, லிக்விட் பாரபினை ஒரு துளி விட்டு மெல்லப் பூசுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். பதனிட்ட தோலில் இருக்கும் உப்பும் ஈரமும் எஃகை அரிக்கும். உறையைத் தனியாகவும், கத்தியைக் காகிதத்தில் சுற்றித் தனியாகவும் வையுங்கள்.