கையுறையைக் கழற்றிய பின்னும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள்

கையுறை அணிந்திருந்ததால் கை சுத்தமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை செவிலியர் பணியில் மிகவும் ஆபத்தானது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கையுறையில் இருக்கக்கூடும் என்பதோடு, கழற்றும்போது அதன் வெளிப்புறம் மணிக்கட்டில் உரசிவிடுவதும் உண்டு. ஆகவே கழற்றிய உடனே, அடுத்த படுக்கையை நெருங்கும் முன்பே, கைகளைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

கையில் அழுக்கோ இரத்தமோ தென்படாதபோது, ஆல்கஹால் கரைசலை உள்ளங்கையில் தாராளமாக எடுத்து, 20 முதல் 30 விநாடிகள், அது தானாக உலரும்வரை தேய்த்தால் போதும். அழுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். அதற்கு 40 முதல் 60 விநாடிகள் ஆகும். குளோஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் தொற்றால் வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியைக் கவனித்த பிறகும் சோப்பையே பயன்படுத்துங்கள், ஏனெனில் அக்கிருமி தடித்த உறைக்குள் உறங்கும் வித்துகளாக இருக்கும்போது அவற்றை ஆல்கஹால் அழிப்பதில்லை.

அவசரத்தில் பெரும்பாலும் விடுபடுபவை பெருவிரலும் விரல் நுனிகளும். இரத்தக் குழாயில் ஊசி ஏற்றும் இடத்தைத் தடவிப் பார்ப்பதும் அந்த நுனிகளே என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. பெருவிரலை மறு கையால் சுற்றிப் பிடித்துத் திருகித் தேயுங்கள். பின்னர் ஐந்து நுனிகளையும் குவித்து எதிர் உள்ளங்கையில் சுழற்றுங்கள். மோதிரத்தைப் பணிக்கு வருமுன்பே கழற்றி வைத்துவிடுங்கள், அதன் அடியில் ஈரமும் கிருமியும் தங்கிவிடும்.