மலை மேய்ச்சலில் ஏக்கர் கணக்கை நம்பாதீர்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தென்கிழக்கில் உள்ள ஸ்டீன்ஸ் மலை, ஒரு விளிம்பைத் தூக்கி வைத்த பலகை மாதிரி. மேற்கே மெல்ல ஏறும். 9,733 அடி உச்சியைத் தாண்டியதும், கிழக்கே 5,000 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கி ஆல்வோர்ட் பாலையைத் தொடும். அங்கே ஆண்டு மழை சுமார் 7 அங்குலம்தான். இப்படிப்பட்ட நிலத்தில் பத்திரத்திலுள்ள ஏக்கரை அப்படியே மேய்ச்சல் பரப்பாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

மாடு தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாது. தண்ணீரிலிருந்து 1 மைல் வரை உள்ள புல்லை முழுதாக எண்ணலாம், 2 மைல் வரை பாதி, அதற்கப்பால் ஒன்றுமில்லை. சரிவுக்கும் கழிவு உண்டு: 100 அடிக்கு 10 அடி ஏற்றம் வரை கழிக்க வேண்டாம், 30 அடி வரை 30 சதவீதம், 60 அடி வரை 60 சதவீதம், அதைத் தாண்டினால் முழுவதும். 1,000 ஏக்கரில் 400 தண்ணீரருகே சமதளம், 300 ஒன்றரை மைல் தள்ளிய சமதளம், 300 செங்குத்து என்றால் தேறுவது 550 ஏக்கர்தான். கன்றோடு ஒரு பசுவுக்கு மாதம் சுமார் 360 கிலோ காய்ந்த புல் வேண்டும். விளைந்ததில் பாதியை நிலத்திலேயே விட வேண்டும் என்பதால் 720 கிலோ விளைந்திருக்க வேண்டும். பாதியை விடுவது வீணல்ல, அடுத்த ஆண்டுப் புல்லின் வேர் அதில்தான் பிழைக்கிறது.

உப்புக்கட்டியை ஓடையருகே வைப்பது அடுத்த தவறு. தண்ணீரும் உப்பும் ஓரிடத்தில் கிடைத்தால் மாடு அங்கேயே கிடக்கும். கரை மிதிபட்டுச் சரியும், கரையோர வில்லோ மரக்கன்றுகள் மொட்டையாகும், நிழலிழந்த ஓடை சூடேறி டிரவுட் மீனுக்கு ஆகாமல் போகும். குறைந்தது கால் மைல் தள்ளி, புல் மிஞ்சிக் கிடக்கும் மேட்டில் வையுங்கள்.

நாள்காட்டி பார்த்து மாட்டை ஏற்றாதீர்கள். அடிவாரப் புல் முற்றிக் காயும்போது உச்சியில் பனி உருகிக்கொண்டிருக்கும். கொத்துப்புல் தொண்டைக்கதிர் பருவத்தில், அதாவது கதிர் வெளிவராமல் இலையுறைக்குள் பொதிந்திருக்கும்போது, கடிபட்டால் அது தேற நெடுநாளாகும். ஆண்டுதோறும் ஒரே அடைப்பை அந்தப் பருவத்தில் மேய்த்தால் கொத்துப்புல் மெலிந்து, அந்த இடைவெளியில் சீட்கிராஸ் என்ற ஓராண்டுக் களைப்புல் புகும். அது கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து, தீயைச் சேஜ் புதர்களுக்குக் கடத்திவிடும். எரிந்த நிலத்தில் பச்சை தெரிந்தவுடன் மாட்டை விடாதீர்கள். குறைந்தது 2 வளர்பருவமாவது வேலியை மூடி வையுங்கள்.